‘ஒரு கப்பலைக்கூட இழக்காமல்’ என்ற வரியைப் பற்றி

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கடற்படை தினத்தை ஒட்டி டிசம்பர் 4 அன்று தங்கள் நாளிதழ் வெளியிட்ட சிறப்புப் பக்கத்தை, பதினைந்து ஆண்டுகள் கடற்படையில் பணியாற்றியவன் என்ற உரிமையோடும் மகிழ்ச்சியோடும்தான் வாசிக்கத் தொடங்கினேன். கராச்சித் துறைமுகத்தின் மீது நிபாட், நிர்காட், வீர் ஆகிய மூன்று ஏவுகணைப் படகுகள் நடத்திய தாக்குதலைக் கட்டுரையாளர் நன்றாகவே விவரித்திருந்தார். ஆனால் நான்காவது பத்தியில், ‘1971 போரில் நம் கடற்படை ஒரு கப்பலைக்கூட இழக்காமல் வெற்றி வாகை சூடியது’ என்று ஒரு வரி இருந்தது. என் கண்ணில்தான் கோளாறோ என்று பேரனைக் கூப்பிட்டு அந்தப் பத்தியை உரக்கப் படிக்கச் சொன்னேன். அவனும் அதையே படித்தான்.

ஐ.என்.எஸ். குக்ரி என்ற பெயரைத் தங்கள் அலுவலகத்தில் ஒருவரும் கேள்விப்பட்டதில்லை என்று நம்ப எனக்கு மனம் வரவில்லை. கடற்படை தினம் டிசம்பர் 4-ஆம் நாள் கொண்டாடப்படுவதே அந்தக் கராச்சித் தாக்குதலின் நினைவாகத்தான் என்று எழுதத் தெரிந்தவர்களுக்கு, அதிலிருந்து ஐந்தாம் நாள் என்ன நடந்தது என்பதும் தெரிந்திருக்க வேண்டும். 1971 டிசம்பர் 9 இரவு, டையூவுக்கு அப்பால் அரபிக் கடலில், பாகிஸ்தானின் ஹங்கோர் என்ற நீர்மூழ்கிக் கப்பல் செலுத்திய டார்பிடோவால் தாக்கப்பட்டு, குக்ரி சில நிமிடங்களில் மூழ்கியது. 18 அதிகாரிகளும் 176 மாலுமிகளும், ஆக 194 பேர், அதனோடு போனார்கள். சுதந்திர இந்தியா போரில் இழந்த ஒரே போர்க்கப்பல் அதுதான். நூற்றுக்கணக்கான கப்பல்களில் ஒன்று விடுபட்டுப்போனது என்றால் பொறுத்துக்கொள்ளலாம். இருந்த ஒன்றே ஒன்றை அல்லவா விட்டுவிட்டீர்கள்!

குக்ரி ஓடி ஒளிந்த இடத்தில் அகப்பட்ட கப்பல் அன்று என்பதையும் சொல்லியாக வேண்டும். டையூ அருகே நீர்மூழ்கி ஒன்று நடமாடுவது அதன் வானொலி சமிக்ஞைகளிலிருந்து தெரிய வந்ததும், அதைத் தேடி அழிப்பதற்காக மும்பையிலிருந்து அனுப்பப்பட்டவையே பதினான்காம் ஃபிரிகேட் அணியின் குக்ரியும் கிர்பானும். ஒலி அலைகளைக் கொண்டு நீர்மூழ்கியைக் கண்டறியும் அவற்றின் சோனார் கருவிக்கு எட்டிய தூரம் குறைவு. ஹங்கோர் பிரான்சில் கட்டப்பட்ட, அன்றைக்குப் புதிய, அரவமின்றி ஓடக்கூடிய நீர்மூழ்கி. அந்த இரு கப்பல்களையும் அப்படி அனுப்பியது சரியா என்று ஓய்வுபெற்ற கடற்படையினர் இன்றும் வாதிட்டுக்கொண்டுதான் இருக்கிறார்கள். ஆனால் குறைந்த கருவியோடு போகிறோம் என்று தெரிந்தே போனவர்களைப் பற்றி எங்களுக்குள் இரண்டு கருத்து இருந்ததில்லை. அணியின் தலைவர் கேப்டன் மகேந்திர நாத் முல்லா தன் உயிர்காப்பு அங்கியை ஒரு மாலுமியிடம் கொடுத்துவிட்டுக் கப்பலிலேயே தங்கிவிட்டார். அவருக்கு மறைவுக்குப் பின் மகாவீர் சக்கரம் வழங்கப்பட்டது. அவர் கப்பலோடு மூழ்கியதை வீரக் காட்சியாக வர்ணிப்பவர்கள் இருக்கிறார்கள். உயிர் தப்பியவர்கள் சொன்னதில் என் மனத்தில் தங்கியது, கடைசி நிமிடம் வரை அவர் தன் ஆட்களைக் கடலில் குதிக்கச் சொல்லி வெளியேற்றிக்கொண்டிருந்தார் என்பதுதான்.

இனி நான் ஏன் இவ்வளவு வருந்துகிறேன் என்பதைச் சொல்கிறேன். அந்த 176 பேரில் ஒருவன், விசாகப்பட்டினத்தில் என்னோடு பயிற்சி பெற்றவன். எங்கள் ஊருக்கு அடுத்த ஊர்க்காரன்; இருவரும் ஒரே நாளில் சேர்ந்தோம்; பயிற்சிக் காலம் முழுவதும் என் கட்டிலுக்கு அடுத்த கட்டில் அவனுடையது. பயிற்சி முடிந்ததும் நான் விசாகப்பட்டினத்துக் கரைத்தளத்திலேயே தங்கிவிட, இயந்திர அறைப் பிரிவைச் சேர்ந்த அவனுக்குக் குக்ரிக்கு டிராஃப்ட், அதாவது பணியிட ஆணை, வந்தது. கப்பலில் போகிறோம் என்பதற்காக அவன் கொண்டாடியதும், எனக்குக் கரைப்பணிதானே என்று என்னைச் சீண்டியதும் நேற்று நடந்ததுபோல் இருக்கிறது. டிசம்பர் 3-ஆம் தேதி நள்ளிரவில் விசாகப்பட்டினத்துக்கு அருகே பாகிஸ்தானின் காஸி நீர்மூழ்கி வெடித்துச் சிதறியபோது எங்கள் படுக்கைக் கூடத்தின் சன்னல் கண்ணாடிகள் அதிர்ந்தன. போர் என்னை நெருங்கி வந்தது அவ்வளவுதான். போரைத் தேடிப் போனவன் அவன்.

கடலில் இறந்தவனுக்கு உடல் கிடைப்பதில்லை. வீட்டுக்கு வந்த தந்தியில் ‘காணவில்லை’ என்ற சொல்தான் இருந்தது. அந்த ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டு அவன் தாயார் இருபது ஆண்டுகளுக்கு மேல் வாழ்ந்தார். போர்க் கைதிகள் திரும்பி வருகிறார்கள் என்று செய்தி வந்தபோது ரயில் நிலையத்துக்குப் போய் நின்றார். நான் விடுமுறையில் ஊருக்கு வரும்போதெல்லாம் என்னைப் பக்கத்தில் உட்காரவைத்து, ‘அவனுக்கு நல்லா நீச்சல் தெரியுமேய்யா’ என்பார். நீர்மட்டத்துக்குக் கீழே இயந்திர அறையில் இருப்பவனுக்கும் மேல்தளத்துக்கும் நடுவில் செங்குத்தான ஏணிகளும் ஒருவர் மட்டுமே நுழையக்கூடிய திறப்புகளும் இருக்கின்றன என்பதை, கப்பல் சாய்ந்து விளக்கும் அணைந்துவிட்டால் அந்த வழியில் நீச்சலுக்கு வேலையே இல்லை என்பதை, அந்த அம்மாவிடம் எப்படிச் சொல்வேன்? ‘தெரியும் அம்மா’ என்று மட்டும் சொல்வேன். எந்த நாளைத் திதியாகக் கொள்வது என்று முடிவாகாமலே அவரும் போய்ச் சேர்ந்தார். தங்கள் கட்டுரையின் நான்காவது பத்தியை அவர் படிக்க நேரவில்லை என்பது எனக்கு ஆறுதலாக இருக்கிறது என்று எழுதும் நிலைக்கு, ஐயா, என்னை ஆளாக்கிவிட்டீர்கள்.

இது முதல் முறையாக இருந்திருந்தால் நான் பேனாவை எடுத்திருக்க மாட்டேன். சில ஆண்டுகளுக்கு முன் இதே சிறப்புப் பக்கத்தில் முல்லா அவர்களை ‘இளம் அதிகாரி’ என்று குறிப்பிட்டிருந்தீர்கள். கடற்படையில் கேப்டன் என்பது தரைப்படையின் கர்னலுக்கு நிகரான பதவி. தரைப்படையின் கேப்டனோடு அதைக் குழப்பிக்கொள்ளக் கூடாது என்று அப்போதே எழுதினேன். என் கடிதத்தின் முதல் வரியும் கடைசி வரியும் மட்டும் அச்சாயின. நடுவில் இருந்த திருத்தம் அச்சாகவில்லை. 1946 பிப்ரவரி 18 அன்று மும்பையில் ‘தல்வார்’ தளத்தில் தொடங்கிய கடற்படை எழுச்சியைச் ‘சாப்பாட்டுத் தகராறு’ என்று ஒரு முறை எழுதினீர்கள். மோசமான உணவு ஒரு காரணம் என்பதை எவரும் மறுக்கவில்லை. ஆனால் அந்த மாலுமிகள் இந்திய தேசிய ராணுவக் கைதிகளை விடுவிக்க வேண்டும் என்றும், இந்தோனேசியாவுக்கு அனுப்பப்பட்ட இந்தியத் துருப்புகளைத் திரும்ப அழைக்க வேண்டும் என்றும் கேட்டார்கள். கப்பல்களில் காங்கிரஸ், முஸ்லிம் லீக், கம்யூனிஸ்ட் கொடிகளைச் சேர்த்தே ஏற்றினார்கள். பருப்புக்காகவா இத்தனையும்? 1971-இல் கிழக்குக் கடலில் காக்ஸ் பஜாரையும் சிட்டகாங்கையும் தாக்கிய விமானங்களைச் சுமந்து நின்ற விக்ராந்த், பல ஆண்டுகள் அருங்காட்சியகமாக இருந்தும் காப்பாற்றப்படாமல், 2014-இல் மும்பையில் உடைக்கப்பட்டது. அப்போது தங்கள் பக்கங்களில் ஒரு சிறு செய்தி வந்தது. பின்னர் அதன் உலோகம் மோட்டார் சைக்கிளில் பயன்படுத்தப்பட்டபோது வணிகப் பக்கத்தில் படத்தோடு வந்தது.

தமிழர்களின் கடல் மரபைப் பற்றித் தங்கள் நாளிதழ் எழுதுவதே இல்லை என்று நான் குறை சொல்லவில்லை. ஆண்டுக்கு இரண்டு முறையேனும் ராஜேந்திர சோழனின் 1025-ஆம் ஆண்டுக் கடாரப் படையெடுப்பைப் பற்றி எழுதுகிறீர்கள். நானும் வெட்டி எடுத்து வைத்துக்கொள்கிறேன். ஆனால் ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் சென்ற கலங்களைப் பற்றி இவ்வளவு பெருமிதம் உடையவர்களுக்கு, நம் வாழ்நாளில், நம் ஊர்ப் பிள்ளைகளும் இருந்த ஒரு கப்பல் எங்கே போயிற்று என்ற நினைவு எப்படி இல்லாமல் போகிறது? 1914 செப்டம்பர் 22 இரவு சென்னையின் எண்ணெய்க் கிடங்குகளைச் சுட்டுவிட்டுப் போன ஜெர்மானியக் கப்பலின் பெயர், நூறாண்டு கடந்தும் நம் பேச்சில் இருக்கிறது. கெட்டிக்காரனான போக்கிரியை இன்றும் ‘எம்டன்’ என்கிறோம். நம்மைச் சுட்ட கப்பலின் பெயருக்குத் தமிழில் இடம் இருக்கிறது. நமக்காகச் சென்ற குக்ரியின் பெயரை நான் சொன்னால், அது கத்தியின் பெயரா என்று கேட்கிறார்கள்.

பாகிஸ்தானியர்கள் ஹங்கோரைக் கராச்சியில் உள்ள கடல்சார் அருங்காட்சியகத்தில் நிறுத்திவைத்திருக்கிறார்கள். அதில் எனக்குக் கோபம் இல்லை. தங்கள் மாலுமிகளின் செயலை அவர்கள் மறக்கவில்லை. நம் கடற்படையும் மறக்கவில்லை. மூழ்கிய கப்பலின் பெயரைப் புதிய கப்பலுக்கு இட்டு அதை மீண்டும் கடலில் ஓடவிடும் வழக்கப்படி, 1989-இல் இன்னொரு குக்ரி பணியில் சேர்க்கப்பட்டு, 32 ஆண்டுகள் ஓடி, 2021 டிசம்பர் 23 அன்று விசாகப்பட்டினத்தில் அந்தி வேளையில் கொடி இறக்கி விடைபெற்றது. அந்தக் கப்பலை நினைவுச் சின்னமாக டையூவிடமே ஒப்படைத்தார்கள். டையூவில் கடலைப் பார்த்து நிற்கும் குக்ரி நினைவிடத்துக்கு நான் ஒருமுறை சென்றிருக்கிறேன். கண்ணாடிக் கூண்டுக்குள் கப்பலின் மாதிரி இருக்கிறது. அதற்கு அப்பால் அலைகள்தாம். அவன் அங்கே எந்தத் திசையில் கிடக்கிறான் என்று காட்டக்கூட ஒரு கல் இல்லாத இடத்தில், மாலை வரை உட்கார்ந்திருந்துவிட்டு வந்தேன். புதைத்த இடம் இல்லாதவர்களுக்கு மிச்சம் இருப்பது அச்சில் வரும் பெயரும் எண்ணிக்கையும் மட்டுமே. அதனால்தான் அந்த வரியை என்னால் கடந்து போக முடியவில்லை.

தங்களிடம் நான் கேட்பது பெரிதல்ல. ‘1971 போரில் ஐ.என்.எஸ். குக்ரி மூழ்கியதில் 18 அதிகாரிகளும் 176 மாலுமிகளும் உயிரிழந்தனர். கட்டுரையில் இது தவறாகக் குறிப்பிடப்பட்டிருந்தது’ என்ற திருத்தத்தை, கட்டுரை வந்த அதே பக்கத்தில், படிக்கக்கூடிய எழுத்தளவில் வெளியிடுங்கள். அடுத்த ஆண்டிலிருந்து டிசம்பர் 9 அன்று, எந்த மூலையிலாவது, இரண்டு வரி போடுங்கள். இந்தக் கடிதத்தைச் சுருக்கித்தான் வெளியிட முடியும் என்றால் என் சொந்தக் கதை முழுவதையும் நீக்கிவிடுங்கள். அந்த இரண்டு எண்களை மட்டும் நீக்க வேண்டாம்.

சிறப்புப் பக்கத்தின் அந்தப் பகுதியை வெட்டி இக்கடிதத்தோடு இணைத்திருக்கிறேன். நான்காவது பத்தியில் அந்த வரியை அடிக்கோடிட்டிருக்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகன்,
சீஃப் பெட்டி ஆபிசர் (ஓய்வு), இந்தியக் கடற்படை