மட்டை கேட்கும்போது எந்த ஹாக்கி என்றும் சொல்லிவிடுங்கள்

அன்பான வாடிக்கையாளர்களுக்கு, வணக்கம்.

மட்டை கேட்டு வருகிறவர்களிடம் "எந்த ஹாக்கி, எந்தத் தரை?" என்று நாங்கள் கேட்பது சிலருக்கு வீண் கேள்வியாகப் படுகிறது. சமீபத்தில் ஒருவர் வாங்கிப் பத்து நாள்கூட ஆகாத மட்டையைத் திருப்பிக் கொண்டுவந்தார், வளைவுக்குச் சற்று மேலே நீளமாக ஒரு விரிசல். அது உள்ளரங்க ஆட்டத்துக்கான மெல்லிய மட்டை, அவர் வெளி மைதானத்தில் ஓங்கி அடித்திருக்கிறார். கேட்காமல் கொடுத்தது எங்கள் தப்பு. மாற்றிக் கொடுத்துவிட்டோம். இன்னொருவருக்கு அப்படி நடக்கக் கூடாது என்றுதான் இந்த மடல்.

வெளி மைதான ஹாக்கியில் களம் 91.4 மீட்டர் நீளம், 55 மீட்டர் அகலம். அணிக்கு 11 பேர், 15 நிமிடமாக நான்கு பகுதி. மட்டையைக் கையில் எடுத்துப் பாருங்கள், ஒரு பக்கம் தட்டை, மறுபக்கம் உருண்டை. உருண்டைப் பக்கத்தால் பந்தை ஆடினால் ஃபவுல். இடக்கை மட்டை என்று ஒன்று இந்த ஆட்டத்தில் கிடையாது, அதனால் இடக்கைப் பிள்ளைகளும் இதே மட்டையில்தான் பழக வேண்டும், தயங்காமல் வாங்கிக் கொடுங்கள். கோல் அடிக்க வேண்டுமானால் கோலுக்கு முன்னால் 14.63 மீட்டர் வரை வளைந்து கிடக்கும் 'டி' என்கிற வட்டத்துக்குள் தாக்கும் அணியின் மட்டை பந்தில் பட்டிருக்க வேண்டும், வெளியிலிருந்து அடித்த பந்து நேராக வலைக்குள் போனாலும் அது கோல் இல்லை. பெனால்டி கார்னரில் (எதிரணியின் தவறுக்காகக் கோல் பக்கக் கோட்டிலிருந்து பந்தை உள்ளே கொடுத்து ஆடும் வாய்ப்பு) முதல் ஷாட்டை ஓங்கி அடித்தால் பந்து 460 மில்லிமீட்டர் உயரத்துக்கு மேலே கோல்கோட்டைத் தாண்டக் கூடாது, ஆனால் பந்தை மட்டையோடு இழுத்து வந்து வீசும் டிராக் ஃபிளிக்குக்கு அந்தத் தடை இல்லை, அதனால்தான் ஃபிளிக் செய்கிறவர்கள் தண்டில் வளைவு அதிகமான மட்டையாகத் தேடுகிறார்கள். அதற்கும் எல்லை உண்டு. தட்டைப் பக்கம் கீழே இருக்கும்படி மட்டையைச் சமதளத்தில் வைத்தால் நடுவில் தெரியும் இடைவெளி 25 மில்லிமீட்டரைத் தாண்டக் கூடாது.

உள்ளரங்க ஹாக்கியில் ஓங்கி அடிப்பதே தடை, தள்ளத்தான் வேண்டும். கோலை நோக்கிப் போகும் ஷாட்டைத் தவிர வேறு எதிலும் பந்தைத் தூக்கக் கூடாது. களம் 36 முதல் 44 மீட்டர் நீளம், 18 முதல் 22 மீட்டர் அகலம், பக்கவாட்டில் தடுப்புப் பலகை, அதில் பட்டுத் திரும்பும் பந்தும் ஆட்டத்தில்தான். மட்டை மெலிதாக இருப்பதன் காரணம் இப்போது புரிந்திருக்கும்.

ஐஸ் ஹாக்கி முழுக்க வேறு. 60 மீட்டர் பனித்தளம், கோல்கீப்பரோடு 6 பேர், 20 நிமிடமாக மூன்று பகுதி. பந்துக்குப் பதில் பக் என்கிற கெட்டி ரப்பர் வட்டு, 7.62 சென்டிமீட்டர் குறுக்களவு. வலைக்குப் பின்னாலும் இடம் இருக்கும், அங்கேயும் ஆட்டம் நடக்கும். எதிரணியின் பகுதி தொடங்கும் இடத்தில் குறுக்கே போட்டிருக்கும் நீலக்கோட்டைப் பக்குக்கு முன்னால் நீங்கள் தாண்டினால் ஆஃப்சைடு. சின்னத் தவறுக்கு 2 நிமிடம் வெளியே உட்கார வேண்டும், அதுவரை அணிக்கு ஓர் ஆள் குறைவு. இதில் இடது, வலது மட்டைகள் தனித்தனி. எழுதுகிற கையைச் சொல்லாதீர்கள், மட்டையைப் பிடிக்கும்போது எந்தக் கை கீழே வருகிறது என்று சொல்லுங்கள்.

அப்புறம், ரோலர் ஹாக்கியிலும் இரண்டு வகை. இரட்டை வரிசைச் சக்கர ஸ்கேட் என்றால் பந்து, ஒற்றை வரிசை என்றால் பெரும்பாலும் பக். இரண்டுக்கும் மட்டை வேறு.

அடுத்த முறை வரும்போது உங்கள் பழைய மட்டையையும் எடுத்து வாருங்கள். எங்கே தேய்ந்திருக்கிறது என்று பார்த்தாலே உங்கள் ஆட்டம் எங்களுக்குப் பாதி தெரிந்துவிடும்.