நீ விழவில்லை

கோண்டாவில்
ஞாயிறு மாலை

அன்புள்ள தம்பி,

புதன்கிழமை நீ பேசிக்கொண்டிருக்கும்போதே லைன் சரியில்லை என்று சொல்லி வைத்துவிட்டேன். லைன் நன்றாகத்தான் இருந்தது. மூளைப் படத்தில் பழைய தழும்பு தெரிகிறது, அது விழுந்து வந்த காயம் இல்லை, பிறந்த சமயத்து இரத்தக்கசிவு என்று உன் டொக்டர் சொன்னதாகச் சொன்னாய். உண்மையா அம்மா என்று கேட்டாய். எல்லாம் தெளிவாகக் கேட்டது. பதில்தான் வரவில்லை.

உண்மைதான். அம்மம்மாவின் கையிலிருந்து நீ விழவே இல்லை.

2003 மாசி. யுத்தநிறுத்தத்தால் யாழ்ப்பாணத்திலிருந்து கொழும்புக்குப் பாதை திறந்திருந்த காலம். உன் மாமா கனடாவுக்குப் போகிறான், இனி எப்போது காண்போமோ என்று ஏழு மாத வயிற்றோடு பஸ் ஏறினேன். முகமாலைச் சோதனைச்சாவடியில் இறங்கி ஏறி, ஓமந்தைச் சாவடியில் இறங்கி ஏறி, கொழும்பு வெள்ளவத்தைக்குப் போய்ச் சேர்ந்த இரண்டாம் நாள் பன்னீர்க்குடம் உடைந்தது. ஆஸ்பத்திரியில் எனக்கு ஓர் ஊசி போட்டார்கள். குழந்தையின் நுரையீரலைப் பழுக்க வைக்கும் ஊசி, மூளையில் இரத்தம் கசியும் ஆபத்தையும் அது குறைக்கும். ஆனால் நன்றாக வேலை செய்ய ஒரு நாளாவது வேண்டும். நீ ஆறு மணித்தியாலத்தில் வந்துவிட்டாய். 30 வாரம், 1,340 கிராம்.

மூன்றாம் நாள் உன் உச்சிக்குழியில் களிம்பு பூசி, அதன் மேல் ஸ்கான் கருவியை வைத்துப் பார்த்தார்கள். எலும்பு மூடாத இடமல்லவா, மூளைக்கு அது ஒரு ஜன்னல். அங்கே நல்லெண்ணெய் வைக்க வேண்டும் என்று காத்திருந்த அம்மம்மா, "என்னத்தைப் பூசுகிறார்கள்?" என்று கண்ணாடிக்கு வெளியே நின்று பதறினார்.

அந்தச் சிங்கள டொக்டர் ஒரு துண்டுக் கடதாசியில் படம் வரைந்து, உடைந்த தமிழில் விளங்கப்படுத்தினார். மூளைக்கு நடுவே நீர் நிறைந்த அறைகள் உண்டு. அவற்றின் ஓரத்தில்தான் புதிய மூளைக் கலங்கள் பிறக்கின்றன. அங்குள்ள இரத்தக் குழாய்களின் சுவர் மிக மெல்லியது. வயிற்றிலேயே இருந்திருந்தால் 34 வாரமளவில் அந்தப் பகுதி தானாகச் சுருங்கி மறைந்திருக்கும். முன்கூட்டிப் பிறந்த குழந்தைக்கு மூச்சும் இரத்த அழுத்தமும் ஏறி இறங்கும்போது அந்தக் குழாய்கள் வெடிக்கின்றன, பெரும்பாலும் முதல் மூன்று நாட்களுக்குள். கசிவை நான்கு தரமாகப் பிரிப்பார்கள். முதல் இரண்டு தரத்தில் அநேகம் குழந்தைகள் நன்றாகவே வளர்ந்துவிடும். உனக்கு நான்காவது, ஆனால் சிறிய இடம், இடப்பக்கம் மட்டும். சிரை அடைபட்டுப் பக்கத்துத் திசு கெட்டிருந்தது. காலுக்குப் போகும் நரம்புகள் அந்த அறைகளுக்கு மிக அருகால் போவதால் முதல் அடி காலுக்கு. இடது மூளை என்றால் வலது கால்.

"பஸ்ஸில் வந்ததாலா?" என்று கேட்டேன். அப்படிச் சொல்ல முடியாது, பல பேருக்குக் காரணமே தெரிவதில்லை என்றார். நான் விஞ்ஞானம் படிப்பிக்கிறவள், எனக்கு அது விளங்கியது. ஊருக்கு விளங்கவில்லை.

தலையில் நீர் தேங்குகிறதா என்று கிழமைக்குக் கிழமை நாடாவால் உன் தலையை அளந்தார்கள். நல்லூரானே என்று அது அளவோடு நின்றது. ஆனால் ஒன்றரை வயதாகியும் நீ நடக்கவில்லை. முந்திப் பிறந்த பத்து வாரத்தைக் கழித்துவிட்டுத்தான் உன் வயதைக் கணக்கிட வேண்டும் என்று யாருக்குச் சொல்வது? ஒரு சாமத்திய வீட்டில் எல்லோருக்கும் முன்னால் ஒருத்தி, "வயிற்றுப் பிள்ளையோடு ஊர் சுற்றினால் இப்படித்தான்" என்றாள். நான் தலை குனிந்திருந்தேன். அம்மம்மா வெற்றிலைத் தட்டத்தைக் கீழே வைத்துவிட்டு, "அவள் என்ன செய்தாள்? நான்தான் குளிப்பாட்டும்போது கை வழுக்கிப் பிள்ளையைப் போட்டுவிட்டேன்" என்றார். கதை அன்றோடு நின்றது. நானும் வாயைத் திறக்கவில்லை. அன்று மட்டுமல்ல, அதற்குப் பிறகும்.

நீ 22 மாதத்தில் நடந்தாய், வலது குதிக்கால் நிலத்தில் படாமல். 2006 ஆவணியில் பாதை மூடியபோது கொழும்புக் கிளினிக்கும் போய்விட்டது. காலுக்குப் போடும் பிளாஸ்ரிக் பட்டை உனக்குச் சிறுத்துப்போனது, வேறு செய்விக்க வழியில்லை. அங்கே காட்டித் தந்த பயிற்சியை அம்மம்மாதான் விடாமல் செய்தார். காலையும் மாலையும் விறாந்தையில் காலை நீட்டி இருந்து, உன் குதிக்காலை உள்ளங்கையில் ஏந்தி, விரல்களை மெல்ல மேலே தள்ளிப் பிடித்துக்கொண்டு முப்பது எண்ணுவார். நெல் அளக்கிற பழக்கத்தில் ஒன்று என்று சொல்ல மாட்டார், "லாபம், இரண்டு, மூன்று" என்பார். நீ அழுதால் இருபத்தைந்தில் விடுவாரா என்றால், இல்லை. மறுபடி லாபத்திலிருந்து தொடங்குவார். ஷெல் விழுந்த நாட்களிலும் அது நிற்கவில்லை. உன் குதிக்கால் இன்று நிலத்தில் படுகிறதென்றால் அது அந்த எண்ணிக்கையால்தான்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். இப்படிப் பிறந்த பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் போன பிறகு கவனம் சிதறலாம், பார்த்து எழுதும் வேகம் குறையலாம் என்று அந்த டொக்டர் அன்றே சொல்லியிருந்தார். தெரிந்துகொண்டே, 2013இல் ஐந்தாம் வகுப்புப் புலமைப்பரிசில் பரீட்சையில் நீ வெட்டுப்புள்ளிக்குக் கீழே நின்றபோது உன்னைச் சோம்பேறி என்று திட்டினேன். கணக்குகள் தெரியும், எழுதி முடிக்க நேரம் போதவில்லை என்று நீ அழுதாய். நீ சொன்னது சரி. நான் சொன்னது பிழை.

அதற்கு இரண்டு வருடம் கழித்து, பள்ளிக்கூட இல்ல மெய்வல்லுநர் போட்டியன்று, உன் இல்லத்துச் சட்டையோடு வந்து அம்மம்மாவிடம், "நீங்கள் ஒழுங்காகப் பிடித்திருந்தால் நானும் ஓடியிருப்பேன்" என்றாய். நான் குசினி வாசலில் நின்றேன். அம்மம்மா என்னைப் பார்த்தார், பேசாதே என்பதுபோல. பிறகு உனக்கு மோர் கரைத்துத் தந்தார். அதன்பின் நீ அவரோடு முன்னைப்போலக் கதைக்கவில்லை. சாகும்வரை அவர் அதைத் திருத்தவில்லை, என்னையும் திருத்த விடவில்லை என்றுதான் எழுத வந்தேன். அதுவும் முழு உண்மையில்லை. விட்டிருந்தாலும் சொல்லியிருப்பேனா தெரியாது.

அம்மம்மாவின் ஆட்டைத் திவசம் வருகிற மாதம் இருபதாம் திகதி. லீவு இல்லை என்றாய், வற்புறுத்தவில்லை. மாமாவுக்கு நானே சொல்கிறேன், தன்னை வழியனுப்ப வந்ததால்தான் என்று அவன் நினைத்துவிடக்கூடாது.

டொக்டர் வரைந்த துண்டு அம்மம்மாவின் பெட்டியில் இருந்தது. அப்பா நாளை கூரியரில் போடுகிறார். அதற்குள் உன் டொக்டர் கேட்டால் சொல்: 30 வாரம், 1,340 கிராம், மூன்றாம் நாள், இடப்பக்கம். விழவில்லை.

அம்மா