விருப்பப் பாடம் புள்ளிக்காக மட்டுமா?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

என் மகள் பினாங்கில் மூலக்கூறு உயிரியல் படிக்கிறாள். விருப்பப் பாடம் எடுக்கும்போது, கூடப் படிப்பவர்கள் 'எதில் சுலபமாக ஏ கிடைக்கும்' என்றுதான் கேட்டார்களாம். புள்ளி முக்கியம், சரி. ஆனால் நோயெதிர்ப்பியலையும் மரபணுத் திருத்தத்தையும் இப்போது விட்டால் அப்புறம் எப்போது படிப்பது?

எங்கள் உறவுக்காரப் பையன் ஒருவன் பீட்டா தலசீமியா என்ற ரத்த நோயால் மாதந்தோறும் ரத்தம் ஏற்றிக்கொள்கிறான். ஒரே மரபணுவில் வரும் கோளாறு அது. அதற்கான கிரிஸ்பர் என்ற மரபணுத் திருத்தச் சிகிச்சைக்கு 2023இல் உலகிலேயே முதலில் பிரிட்டன் ஒப்புதல் கொடுத்தது. அந்தச் செய்தியைப் படித்த நாளில்தான் மகளின் படிப்பு என்னவென்று எனக்கே புரிந்தது.

பாடப் பதிவுக்கு முன் விரிவுரையாளர்கள் மாணவர்களோடு அரைமணி நேரம் உட்கார்ந்து, எந்தப் பாடத்தில் என்ன ஆய்வகப் பயிற்சி உண்டு என்றாவது சொல்லட்டும்.

ஒரு தாய்,
பட்டர்வொர்த்