குட்டையில் போட்ட இரண்டு மூட்டை

மாப்ள,

உன் கடிதம் ஆடியில் வந்தது. இப்போது ஐப்பசி. எவ்வளவு வேண்டுமானாலும் திட்டு, வாங்கிக்கொள்கிறேன். இங்கே எல்லோரும் நலம். அம்மாவுக்கு முழங்கால் வலி குறைந்ததா?

எழுத விடாமல் செய்தது குட்டைதான். மீன் வளர்க்கக் கொல்லையில் அரை ஏக்கரில் வெட்டினேனே, அது. ஆவணியில் சுட்ட சுண்ணாம்பைத் தூவி, போர் தண்ணீரை நிரப்பி, நாலாம் நாளே பாஸ்பரஸ் உரமான சூப்பர் பாஸ்பேட் ஒரு மூட்டை கொட்டினேன். பாசி வந்தால்தான் அதைத் தின்னும் நுண்பூச்சி வரும், அதைத் தின்று கட்லாக் குஞ்சு பிழைக்கும். பத்து நாளாகியும் முழங்கை வரை கையை விட்டால் உள்ளங்கை ரேகை தெரிகிறது. உரம் போதவில்லை என்று இன்னொரு மூட்டை போட்டேன். அப்போதும் கண்ணாடித் தண்ணீர்தான்.

யூரியா வாங்கப் புறப்பட்ட அன்று கடைத்தெருவில் நம் கெமிஸ்ட்ரி சார். ஆமாம், உன்னைப் பெஞ்சு மேல் ஏற்றியவரேதான். இன்னும் அதே சைக்கிள். விஷயத்தைக் கேட்டதும் யூரியாவை விட்டுவிட்டு வா என்று வீட்டுக்கு இழுத்துப் போனார். கொஞ்சம் சூப்பர் பாஸ்பேட்டைக் கரைத்து, தெளியவைத்து, துணியில் வடிகட்டினார். அதில் தெளிந்த சுண்ணாம்புத் தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றினார். முதலில் ஒன்றுமில்லை. அரை டம்ளர் போனதும் பால் விட்டது மாதிரி வெளுத்தது. காபி குடித்து முடிப்பதற்குள் அந்த வெண்மை மாவாக அடியில் உட்கார்ந்துவிட்டது. "உன் மூட்டை இங்கே இருக்கிறது பார்" என்றார்.

பாசிக்கு வாய் கிடையாது மாப்ள. கரைந்திருப்பதை மட்டும்தான் அதனால் உறிஞ்ச முடியும். என் தண்ணீரில் பி.எச். (புளிப்பா காரமா என்று காட்டும் அளவு, 7 நடுநிலை, அதற்கு மேல் காரம்) 9-ஐத் தொட்டிருந்தது, போரிலேயே கால்சியம் அதிகம், போதாததற்குச் சுண்ணாம்பு வேறு. பாஸ்பேட் கால்சியத்தோடு சேர்ந்து சேற்றுக்குப் போய்விட்டது. சுண்ணாம்புக்கும் உரத்துக்கும் நடுவே இரண்டு வாரமாவது விட்டிருக்க வேண்டும். உரத்தையும் முன்கூட்டியே ஊறவைத்து, கரைத்து விட்டிருக்க வேண்டும்.

அன்றிலிருந்து எனக்கு இதே நினைப்பு. பாசி வந்த பிறகும் தண்ணீர் சும்மா இருப்பதில்லை. பகலில் பாசி கரியமில வாயுவை உறிஞ்ச உறிஞ்ச பி.எச். ஏறும். 8.3 தாண்டிவிட்டால், கரைந்திருக்கும் கரிமத்தில் கரியமில வாயுவாக இருப்பது நூற்றில் ஒரு பங்குகூட இல்லை. மீதியெல்லாம் பெரும்பாலும் பைகார்பனேட். அதையே உள்ளே இழுத்துக் கரியமில வாயுவாக்கிக்கொள்வதில் நீலப்பச்சைப் பாசி கெட்டி. மற்றவை தவிக்கும்போது அது தழைக்கும். யூரியா போட்டிருந்தால் இன்னும் மோசம். அதிலிருந்து வரும் அம்மோனியம் பாசிக்கு நைட்ரேட்டைவிடப் பிரியமான உணவு, ஆனால் பி.எச். 9.25-க்குப் போனால் அதில் பாதி அம்மோனியாவாக மாறி மீனைக் கொல்லும். சார் தடுத்திராவிட்டால் என் குஞ்சுகளை நானே கொன்றிருப்பேன்.

சார் ஒரு படம் காட்டினார். கனடாவில், ஒன்டாரியோவில் 226 என்று எண்ணிட்ட ஏரி. நடுவில் இடுப்பு மாதிரிக் குறுகிய இடம். 1973-இல் டேவிட் ஷிண்ட்லர் என்ற ஏரி ஆய்வாளரின் குழுவினர் அங்கே பிளாஸ்டிக் திரை கட்டி ஏரியை இரண்டாக்கினார்கள். ஒரு பாதிக்குக் கரிமமும் நைட்ரஜனும், மறுபாதிக்கு அவற்றோடு பாஸ்பரஸும். மேலிருந்து எடுத்த படம்: ஒரு பக்கம் கருநீலம், பாஸ்பரஸ் பக்கம் பாசி பூத்துக் கிடக்கிறது. ஒரே மழை, ஒரே வெயில், நடுவில் ஒரு திரை. அன்று ராத்திரி எனக்குத் தூக்கமே வரவில்லை.

இப்போது மழைத்தண்ணீர் சேர்ந்து, சாணியும் கரைத்துவிட்டதில் குட்டை லேசாகப் பச்சை கட்டியிருக்கிறது. குஞ்சுகள் விரல் நீளம். ஆனால் எனக்குப் பயம் விடவில்லை. அந்த இரண்டு மூட்டையும் சேற்றில்தானே இருக்கிறது? அடியில் மட்கு அழுகிப் புளிப்பு ஏறினால் கால்சியம் பிடி விடும். ஆக்சிஜன் தீர்ந்தால் சேற்றிலுள்ள இரும்பு பிடித்துவைத்த பாஸ்பேட்டும் வெளியே வரும். சித்திரை வெயிலில் எல்லாம் ஒரேயடியாக மேலே வந்தால், பாசி பெருகி ராத்திரியில் ஆக்சிஜனைத் தீர்த்துவிடும்; விடியற்காலையில் மீனெல்லாம் வாயைப் பிளந்துகொண்டு மேலே மிதக்கும்.

உங்கள் லேபில் கழித்துப்போட்ட பி.எச். மீட்டர் இருந்தால் கேட்டு வாங்கு. விடியலில் ஒரு தடவை, மூன்று மணிக்கு ஒரு தடவை பார்த்து எழுதிவைக்கப் போகிறேன். தீபாவளிக்கு வரும்போது மறக்காமல் எடுத்து வா. சார் உன்னையும் விசாரித்தார். சோடியம் விஷயத்தை நான் இன்னும் சொல்லவில்லை.

உன்,
பங்காளி