28-ல் நிற்கும் அந்த உச்சம்

நண்பா,

உன் மூன்று மடல்களுக்கும் பதில் போடாமல் இருந்துவிட்டேன். நேரில் வரும்போது ஆசை தீரத் திட்டிக்கொள். இப்போது அவசரமாக எழுதக் காரணம், நீ கடைசியாக அனுப்பிய நிறை நிறமாலையும் (அயனிகளை நிறைவாரியாகப் பிரித்துக் காட்டும் அந்தப் படம்) அதன் அடியில் நீ எழுதியிருந்த ஒரு வரியும்தான்: "உணர்திறன் போதவில்லை, லேசர் ஆற்றலைக் கூட்டப் போகிறேன்." தயவுசெய்து கூட்டாதே.

வாத்தியார் பக்கத்தில் இருந்திருந்தால், 78-ல் நிற்கும் பென்சீனைக் கையால் மறைத்துவிட்டு மீதியைப் படி என்றிருப்பார். 28-லும் 18-லும் என்ன நிற்கிறது, பார்த்தாயா? நைட்ரஜனும் நீராவியும். நம் முறையில் ஒரு மூலக்கூறு லேசரின் இரண்டு ஃபோட்டான்களை விழுங்கித்தான் அயனியாகவேண்டும். 259 நானோமீட்டரில் ஒரு ஃபோட்டானின் ஆற்றல் 4.79 எலக்ட்ரான் வோல்ட், இரண்டுக்கு 9.58. பென்சீனை அயனியாக்க 9.24 போதும். நீராவிக்கு 12.62 வேண்டும், நைட்ரஜனுக்கு 15.58. மாதிரியில் மலையளவு நைட்ரஜன் இருந்தும் அது கண்ணில் படாமல் போவதுதானே இந்த முறையின் உயிர்! உன் கருவியில் அது கண்ணில் படுகிறது என்றால், அதை அயனியாக்கியது ஒளி இல்லை.

எலக்ட்ரான்கள்தான். எஃகுத் தகட்டிலிருந்து எலக்ட்ரானைக் கிளப்ப ஏறக்குறைய நாலரை எலக்ட்ரான் வோல்ட் போதும். ஜன்னலில் பட்டுச் சிதறிய புறஊதா ஒளி தகட்டிலோ வலைக்கம்பியிலோ விழுகிறது. அங்கே கிளம்பும் எலக்ட்ரான், அயனிகளை இழுக்க நீ வைத்திருக்கும் அதே மின்புலத்தில் எதிர்த்திசையில் பாய்ந்து, பல நூறு எலக்ட்ரான் வோல்ட் வரை ஏறி, வழியில் கிடைப்பதையெல்லாம் அடித்து அயனியாக்குகிறது. உன் 28 அகன்று கிடப்பதற்கும் இதுதான் காரணமாக இருக்கவேண்டும்: அந்த அயனிகள் லேசர் கற்றை போகும் கோட்டில் மட்டும் பிறக்கவில்லை, தகடுகளுக்கு நடுவே எங்கும் பிறக்கின்றன. ஆற்றலைக் கூட்டினால் இந்தக் குப்பையும் சேர்ந்தே கூடும்.

சோதித்துப் பார்ப்பது சுலபம். அலைநீளத்தை 0.2 நானோமீட்டர் நகர்த்து. பென்சீன் தனக்கேற்ற அலைநீளத்தில்தான் ஒளியை நன்றாக விழுங்கும், தகட்டிலிருந்து கிளம்பும் எலக்ட்ரானுக்கு அந்த வித்தியாசம் பொருட்டில்லை. 78 சரிந்து 28 அப்படியே நின்றால் நான் சொல்வது சரி. அடுத்து, லேசர் சுடும் நேரத்தில் இரண்டு தகடுகளையும் ஒரே மின்னழுத்தத்தில் வைத்து, 200 நானோ நொடி கழித்து அயனிகளை இழுக்கும் மின்னழுத்தத் துடிப்பைக் கொடு. புலம் இல்லாத இடத்தில் அந்த எலக்ட்ரானிடம் அரை எலக்ட்ரான் வோல்ட்கூட இருக்காது, அதனால் நைட்ரஜனை ஒன்றும் செய்ய முடியாது. பென்சீன் அயனியோ அதற்குள் ஒரு மில்லிமீட்டர்கூட நகர்ந்திருக்காது. நிரந்தரத் தீர்வு, ஜன்னல்களை அறையிலிருந்து தள்ளி நீண்ட கைகளில் புரூஸ்டர் கோணத்தில் (ஒளி மிகக் குறைவாகத் தெறிக்கும் சாய்வில்) வைத்து, நடுவே கூர்விளிம்புத் துளைகள் போடுவது. முதல் துளை கற்றையின் ஓரத்தை வெட்டக்கூடாது. வெட்டினால் அதுவே புதிய சிதறல்.

ஆற்றல் விஷயத்துக்கு வருகிறேன். 100 மைக்ரோஜூல், 5 நானோ நொடி, 1 மில்லிமீட்டர் விட்டம்: சதுர சென்டிமீட்டருக்கு சுமார் 25 லட்சம் வாட். இது தாராளம். நீ லென்ஸ் போட்டு விட்டத்தைப் பத்தில் ஒன்றாக்கினால் செறிவு நூறு மடங்காகும். இரண்டு ஃபோட்டான் சேரும் வாய்ப்பு செறிவின் வர்க்கமாக ஏறும் என்பது உண்மை. மரியா கோப்பர்ட்-மேயர் 1931-ல் வெளியிட்ட கணக்கு அது. ஆனால் பிறந்த அயனி அதோடு நிற்குமா? மேலும் ஃபோட்டான்களை விழுங்கி உடையும். 78 தேய்ந்து 50-52, 37-39, கடைசியில் 12-ல் வெறும் கார்பன் வரும். போதாததற்கு, குறுகிய இடத்தில் நெருங்கிய அயனிகள் ஒன்றையொன்று தள்ளி உச்சங்களை அகலமாக்கும். லென்ஸைக் கழற்றிவிடு.

இன்னொன்றையும் பார். 79-ல் வரும் கார்பன்-13 உச்சம் (ஆறு கார்பனில் ஒன்று கனமான கார்பனாக இருக்கும் பென்சீன்) 78-ன் அளவில் 6.5 சதவீதம் இருக்கவேண்டும். உன் படத்தில் அளவுகோல் வைத்துப் பார்த்தேன், 9-க்கு மேல் வருகிறது. அப்படியானால் 78-ல் அயனிகளைப் பதியும் உன் உணரி ஏற்கெனவே நிறைவுற்று அமுங்குகிறது. சமிக்ஞை போதவில்லை என்று நீ புலம்பும் இடத்தில் அது வழிந்துகொண்டிருக்கிறது, மகராசா! உணரியின் மின்னழுத்தத்தைக் குறைத்துவிட்டு மறுபடி அள.

20, 40, 80 மைக்ரோஜூலில் 78, 28 இரண்டின் பரப்பளவையும் எடுத்து அனுப்பு. 78 ஒவ்வொரு தடவையும் நான்கு மடங்கு ஏறுகிறதா, இரண்டு மடங்கா என்று தெரிந்த பிறகு மேற்கொண்டு பேசலாம். வீட்டில் எல்லோரையும் கேட்டதாகச் சொல்.

உன்,
பழைய அறைத்தோழன்