ஜெர்மன் பயிற்சி நிலையம் நடத்துவோருக்கு ஒரு திறந்த மடல்

வணக்கம்.

நான் திருச்சியில் 11 ஆண்டுகளாக ஜெர்மன் சொல்லிக்கொடுக்கிறேன். என்னிடம் வருபவர்களில் பெரும்பாலோர் நர்ஸிங் முடித்த பெண்கள். ஜெர்மன் தேர்ச்சியை ஏ1, ஏ2, பி1, பி2 என்று படிப்படியாக அளக்கிறார்கள். ஜெர்மனியில் நர்ஸாகப் பதிவு பெறப் பெரும்பாலும் பி2 நிலை கேட்கிறார்கள். ஏ1-இல் தொடங்கி அங்கே போய்ச் சேர்வதற்குள் பாதி வழியில் நின்றுவிடுகிறவர்கள் பலர். அவர்களுக்காகத்தான் எழுதுகிறேன்.

ஏன் நின்றாள் என்று கேட்டால், "அதுக்கு ஆர்வம் இல்ல" என்றுதான் நம் நிலையங்களில் பதில் வருகிறது. என்னால் இதை ஏற்க முடியவில்லை. நகையை அடகு வைத்து ஃபீஸ் கட்டியவள் அவள். நைட் டியூட்டி முடிந்த கையோடு பஸ் பிடித்து ஒன்பதரை மணி வகுப்புக்கு வந்து உட்கார்கிறாள். ஆர்வம் இல்லாதவள் இப்படி வருவாளா? நான் முன்பு வேலை பார்த்த ஒரு நிலையத்தில் வகுப்புக்கு 40 பேர். இரண்டு மணி நேரத்தில் ஒன்றேமுக்கால் மணி நேரம் நானே பேசினேன். மிச்சத்தைப் பங்கு போட்டால் ஒருத்திக்கு அரை நிமிடம்கூட வராது. இரவெல்லாம் கண் விழித்தவள் அங்கே தூங்காமல் என்ன செய்வாள்?

என் வகுப்பு மாறியது ஒரு சின்ன வாக்கியத்தால். ஏ2 பேட்சுக்கு 'டாட்டீவ்' என்ற வேற்றுமையை நடத்திக்கொண்டிருந்தேன். போர்டு முழுக்க அட்டவணை, விளக்கமெல்லாம் ஆங்கிலத்தில். ஒருவர் முகத்திலும் களை இல்லை. எல்லாவற்றையும் அழித்துவிட்டு, 'மியர் இஸ்ட் ஷ்விண்டலிஷ்' என்று மட்டும் எழுதினேன். வார்டில் ஒரு பாட்டி இதை எப்படிச் சொல்வார் என்று கேட்டேன். "எனக்குத் தலை சுத்துது" என்றார்கள். சரி, இதில் 'நான்' எங்கே இருக்கிறது? தமிழிலும் இல்லை, ஜெர்மனிலும் இல்லை. 'மியர்' என்பது நம் 'எனக்கு'தான். நான்காம் வேற்றுமை. இரண்டு வாரமாக வாயே திறக்காத ஒரு பெண் பின் பெஞ்சிலிருந்து கேட்டாள்: "அப்போ எனக்குக் குளிருதுன்னா, மியர் இஸ்ட் கால்ட்டா மேடம்?" ஆமாம், அதேதான்.

அப்புறம்தான் யோசித்தேன், இந்த மொழியை ஆங்கிலத்தின் வழியாக ஏன் கொண்டுபோகிறோம்? 'வைல்' (ஏனென்றால்) என்று காரணம் சொல்லத் தொடங்கினால் ஜெர்மனில் வினைச்சொல் வாக்கியத்தின் கடைசிக்குப் போய்விடும். ஆங்கிலத்தை நினைத்துக்கொண்டு படிப்பவள் தடுமாறுகிறாள். வினையைக் கடைசியில் வைத்தே பேசி வளர்ந்தவளுக்கு அது பழகிய இடம். 'டூ', 'ஸீ' வேறுபாடும் அப்படித்தான். நீ, நீங்கள் என்று இரண்டே சொல்லில் முடிகிற விஷயம். தமிழ் பேசினால் அபராதம் என்று சுவரில் ஒட்டியிருக்கும் நிலையங்களைப் பார்த்திருக்கிறேன். தயவுசெய்து அந்தத் தாளைக் கிழித்துவிடுங்கள்.

அடுத்தது, வார்டை வகுப்புக்குள் கொண்டுவாருங்கள். ஒரு நோயாளியின் விவரத்தை இரண்டு தாள்களில் பாதி பாதியாக எழுதி, பக்கத்தில் பக்கத்தில் இருப்பவர்களுக்குக் கொடுங்கள். ஒருத்தியிடம் பி.பி. இருக்கும், மருந்தின் அளவு இருக்காது. கேட்டால்தான் தாள் நிரம்பும். டியூட்டி மாறும்போது தினமும் செய்கிற ஹேண்ட் ஓவர்தான் இது, மொழி மட்டும்தான் வேறு. எண்களை இதில் கட்டாயம் சேருங்கள். 24 என்பதை ஜெர்மனில் 'நான்கும் இருபதும்' என்று சொல்கிறார்கள். காதில் விழுந்த வரிசையில் எழுதினால் 42 ஆகிவிடும். மருந்தின் அளவில் அது எவ்வளவு பெரிய தப்பு என்று ஒரு நர்ஸுக்கு நாம் சொல்ல வேண்டியதில்லை. முதுகோடு முதுகு நின்று ஒருத்தி வாசிக்க, மற்றவள் எழுதட்டும். 40 பேர் வகுப்பில் இதைச் செய்தால் ஒரே நேரத்தில் 20 பேர் பேசுவார்கள். சத்தமாகத்தான் இருக்கும், இருக்கட்டும்.

ஏ1-இல் தூக்கம் கலைக்க ஒரு நல்ல வழி உண்டு. எழுந்திருங்கள், திரும்புங்கள், கையைத் தூக்குங்கள் என்று ஜெர்மனில் சொல்லி, செய்யவும் வையுங்கள். ஜேம்ஸ் ஆஷர் என்ற உளவியலாளர் 1960களிலேயே வகுத்த முறை இது. நாளைக்கு அவள் நோயாளியிடம் சொல்லப்போவதும் இதே வாக்கியங்கள்தான். பெயர்ச்சொல்லின் பாலுக்கு ஏற்ப அதற்கு முன்னால் வரும் டெர், டீ, டாஸ் மூன்றையும் பழக்க, மூன்று நிறத்தில் அட்டை போதும்.

ஆசிரியர்களுக்கு நான் சொல்ல விரும்புவது ஒன்றுதான். கேள்வி கேட்டபின் மூன்று நொடி பேசாமல் இருங்கள். அமெரிக்காவில் மேரி பட் ரோ என்பவர் அறிவியல் வகுப்புகளைக் கவனித்தபோது, ஆசிரியர்கள் ஒரு நொடி அளவுதான் காத்திருந்தார்கள். அதை மூன்று நொடிக்கு மேல் நீட்டியதும் பதில்கள் நீண்டன. பேசாத பிள்ளைகளும் பேசத் தொடங்கினார்கள். செய்து பாருங்கள், முதல் நாள் அந்த மூன்று நொடி தாங்க முடியாததாக இருக்கும். எனக்கு அப்படித்தான் இருந்தது.

மற்றதெல்லாம் உங்கள் கையில் இருக்கிறது. போர்ஷன் முடித்தாயா என்று ஆசிரியரைத் துரத்தாதீர்கள். கோதே நிறுவனம் நடத்தும் பி2 ஜெர்மன் தேர்வில் படித்தல், கேட்டல், எழுதுதல், பேசுதல் நான்கிலும் தனித்தனியாக நூற்றுக்கு 60 எடுக்க வேண்டும். பேசுவதைக் கடைசி இரண்டு வாரத்துக்குத் தள்ளிவைத்தால் அது எப்படி வரும்? 40 பேரை இரண்டு பேட்சாகப் பிரியுங்கள். வாடகையும் சம்பளமும் எவ்வளவு என்று எனக்கும் தெரியும். முழுதாக முடியாவிட்டால் வாரத்தில் இரண்டு நாளாவது பிரித்து உட்கார வையுங்கள். நைட் டியூட்டி பார்ப்பவர்களுக்குக் காலை வகுப்பு வேண்டாம். அவர்கள் முதலில் தூங்கட்டும்.

என் பேட்சை மாலை நான்கு மணிக்கு மாற்றிவிட்டேன். உங்களில் யார் வேண்டுமானாலும் வந்து பின் பெஞ்சில் உட்கார்ந்து பார்க்கலாம்.

அன்புடன்,
ஒரு ஜெர்மன் ஆசிரியை,
திருச்சி