கஜாவுக்குப் பிறகு எங்கள் தோப்புகளைத் தூக்கி நிறுத்தியவர்களுக்கு

உறவுகளே, வணக்கம்.

தஞ்சாவூர் மாவட்டம் பேராவூரணிப் பக்கத்துத் தென்னை விவசாயி எழுதுகிறேன். 2018 நவம்பர் 16 அதிகாலையில் கஜா புயல் முறித்துப் போட்ட தோப்புகளில் அடுத்த வருஷம் வைத்த கன்றுகள் இப்போது பாளை விட்டுக் குரும்பை பிடித்திருக்கின்றன. நெட்டை ரகம் காய்ப்புக்கு வர ஆறேழு வருஷம் ஆகும், அதனால்தான் இந்த நன்றியும் இவ்வளவு காலம் தள்ளிப் போய்விட்டது. காய்ப்பைக் கண்ணால் பார்த்த பிறகு சொன்னால்தான் முழுசாகச் சொன்ன மாதிரி இருக்கும் என்று நினைத்தோம்.

முதல் நன்றி மின்வாரிய ஊழியர்களுக்கு. டெல்டா முழுக்க லட்சத்துக்கும் மேல் மின்கம்பங்கள் விழுந்து கிடந்தன. மோட்டார் ஓடவில்லை என்றால் மாட்டுக்குக்கூடத் தண்ணீர் காட்ட முடியாது. எங்கெங்கோ வெளி மாவட்டங்களிலிருந்தும் கேரளத்திலிருந்தும் வந்தவர்கள், வண்டி இறங்க முடியாத வயல் சேற்றில் சிமென்ட் கம்பத்தைப் பத்துப் பதினைந்து பேராகத் தோளில் தூக்கிப் போய் நட்டார்கள், ராத்திரி பள்ளிக்கூடத்துத் தரையிலேயே படுத்துக்கொண்டார்கள். அந்த வேலையில் உயிரை விட்டவர்களும் உண்டு. அந்தக் குடும்பங்களுக்கு நாங்கள் என்ன சொன்னாலும் போதாது.

அப்புறம், மரம் அறுக்கும் மெஷினோடு வந்த பிள்ளைகள். வெளியூரில் இருப்பவர்களுக்கு இது சாதாரண வேலையாகத் தெரியலாம், ஆனால் விழுந்த தென்னை அப்படியே கிடந்து மக்கினால் அதற்குள்ளேதான் காண்டாமிருக வண்டு முட்டையிட்டுப் பெருகும், பெருகிய வண்டு நிற்கிற மரத்தின் குருத்தைக் குடையும், ஓலை விரியும்போது கத்தரிக்கோலால் வெட்டிய மாதிரி வரிவரியாக இருக்கும். புயலுக்குத் தப்பிய மரத்தையும் புதுக் கன்றையும் காப்பாற்ற வேண்டுமென்றால் கட்டைகளை உடனே அறுத்து அப்புறப்படுத்தியாக வேண்டும். மரத்துக்கு 600 ரூபாயும் வெட்டி அகற்ற 500 ரூபாயுமாக அரசு 1,100 ரூபாய் கொடுத்தது, அதற்கும் நன்றி. ஆனால் கூலிக்கு ஆள் கிடைக்காத அந்த வாரங்களில் காசை விட ஆள்தான் தேவைப்பட்டது. காலேஜ் லீவு போட்டுவிட்டு வந்து, கை கொப்பளிக்கக் கொப்பளிக்க மட்டையையும் துண்டுகளையும் இழுத்துப் போட்ட தம்பிகளே, தங்கச்சிகளே, உங்களை மறக்க மாட்டோம்.

வேப்பங்குளம் தென்னை ஆராய்ச்சி நிலையத்தில் உள்ளவர்களுக்கும் எங்கள் வட்டார வேளாண் அலுவலர்களுக்கும் தனியாகச் சொல்ல வேண்டும். வண்டை வாசனை காட்டி இழுத்துப் பிடிக்கும் இனக்கவர்ச்சிப் பொறியை எங்கே வைக்க வேண்டும், எருக்குழியில் வண்டுப் புழுவைக் கொல்லும் பச்சைப் பூஞ்சாணத்தை எப்படிக் கலக்க வேண்டும், கன்று வளரும் வரை இடையில் உளுந்து, கடலை, வாழை என்று எதைப் போட்டால் அடுப்பு எரியும் என்று தோப்புக்குள் நின்றே சொல்லிக் கொடுத்தார்கள். ஊடுபயிர் மட்டும் இல்லாமல் போயிருந்தால் எங்களில் பலர் நிலத்தை விற்றுவிட்டுத் திருப்பூருக்குப் போயிருப்போம்.

தண்ணீர்க் கதை தனி. நாங்கள் கல்லணைக் கால்வாயின் கடைமடை, எங்கள் பக்கம் புது ஆறு என்போம். மேட்டூரில் திறந்தாலும் எங்களுக்கு வந்து சேர்வது கடைசியில்தான். 2019-ல் கைஃபா என்கிற கடைமடை விவசாயிகள் சங்கத்து இளைஞர்கள் பேராவூரணி பெரிய ஏரியைத் தூர் வார இறங்கியபோது, உள்ளூர்க் கடைக்காரர்களிலிருந்து சிங்கப்பூரிலும் வளைகுடாவிலும் வேலை பார்க்கும் எங்கள் ஊர்ப் பிள்ளைகள் வரை பொக்லைன் டீசலுக்குக் காசு கொடுத்தார்கள். விவசாயம் செய்யாதவர்கள்தான் அதில் பாதிப் பேர். அரசு பார்த்துக்கொள்ளும் என்று ஊர் கை கட்டி நின்றிருந்தால் ஏரி ஆழமாகியிருக்காது. அதற்காக, சனங்களே பார்த்துக்கொள்வார்கள் என்று அரசு விலகிக்கொள்வதும் சரியல்ல. மதகும் கால்வாய்க் கரையும் நிவாரணமும் நன்கொடையில் நடக்கிற காரியமா என்ன?

எங்கள் பங்குக்கும் ஒன்று சொல்கிறேன், சக விவசாயிகளுக்கு. தென்னை மரக் காப்பீடு இருக்கிறது. 4 முதல் 15 வயது வரையுள்ள மரத்துக்கு வருஷத்துக்கு 9 ரூபாய், அதற்கு மேல் 14 ரூபாய்தான் பிரீமியம் என்று திட்டத்தில் வைத்தார்கள். அதிலும் பாதியைத் தென்னை வளர்ச்சி வாரியமும் கால் பங்கை மாநில அரசும் கட்டும், நாம் கட்டுவது மிச்சக் கால் பங்கு. இப்போதைய விவரத்தை வேளாண் அலுவலகத்தில் கேட்டு, மழைக்கு முன்னால் சேர்ந்துவிடுங்கள்.

நகரத்து உறவுகளுக்கு ஒரு வேண்டுகோளும் உண்டு. ரேஷனில் பாமாயிலோடு தேங்காய் எண்ணெயும் கொடுங்கள் என்று வருஷக்கணக்காகக் கேட்டு வருகிறோம். எங்கள் குரலோடு உங்கள் குரலும் சேர்ந்தால் கோட்டையில் கேட்கும். சமையலுக்கு நாட்டுச் செக்கில் ஆட்டிய எண்ணெய் ஒரு லிட்டர் வாங்கினாலும் அது எங்கள் கொப்பரைக்கு விலையாக வந்து சேர்கிறது.

மேட்டூர் திறப்புக்கு முன்னால், கோடையில் கிளை வாய்க்கால்களில் மறுபடி தூர் வாரும் வேலை இருக்கிறது. மண்வெட்டி பிடிக்க முடிந்தவர்கள் வாருங்கள், முடியாதவர்கள் டீசலுக்கோ மதியச் சோற்றுக்கோ கொடுங்கள். வருகிறவர்களுக்குத் தங்க இடம் தருவதும் சமைத்துப் போடுவதும் எங்கள் பொறுப்பு.